கோபன்ஹேகனில் மூன்று நாட்கள்

ஹௌராவில் புறநகர் ரயில் ஏறினால் ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் ஸ்ரீராம்பூர் வந்துவிடுகிறது. அங்கே ஊர் நடுவில் நிற்கும் புனித ஓலவ் தேவாலயத்தை நம் சங்கத்து அன்பர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அதைக் கட்டியவர்கள் டென்மார்க் தேசத்தார். 1755 முதல் 1845 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட சில ஆண்டுகள் நீங்கலாக, அவ்வூர் அவர்கள் வசமிருந்தது. தமிழகத்துடன் அவர்களுக்கு ஏற்பட்ட தொடர்பு இன்னும் பழையது. 1620-ம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடிக் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார்கள். 1845-ல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய தலைநகர்தான் கோபன்ஹேகன். அப்பெயருக்கு வணிகர் துறைமுகம் என்று பொருள்.

என் தாயார் பிறந்தது தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில். டான்ஸ்போர்க் கோட்டைச் சுவரின் நிழலில் விளையாடியவர். என் தம்பியோ இப்போது கோபன்ஹேகனுக்கு எதிர்க்கரையில், ஸ்வீடன் தேசத்து மால்மோ நகரில் வேலை பார்க்கிறான். வருகிற ஜூனில் அம்மாவையும் எங்களையும் வரவழைக்கிறான். பத்து நாள் மால்மோவில் தங்கல். அதில் மூன்று பகல்கள் கோபன்ஹேகனுக்கு. அம்மாவுக்கு வயது 68, சுத்த சைவம், முழங்காலில் வலி. "கோட்டை கட்டினவன் ஊரைப் பார்க்க வேண்டும்" என்பதொன்றே அவர் கேட்டது. மறுமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தக்க பிரயாணமன்று இது. ஆகவே மூன்று மாதமாக அலுவலகம் விட்டு வந்ததும் அட்டவணை போட்டு வருகிறேன். வடதேசங்களில் பிள்ளைகள் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பருவம். டிசம்பரில் அந்நகரில் பகல் ஏழு மணி நேரந்தான். பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூன் கடைசியிலோ பகல் பதினேழரை மணி நேரம். இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. முதியவரை நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தாலும் பொழுது மிச்சமிருக்கும். ஆகையால் ஜூன்.

மால்மோவிலிருந்து கோபன்ஹேகன் நடு நிலையத்துக்கு ரயிலில் முக்கால் மணிக்கும் குறைவே. ரயில்வேக்காரனுக்கு இதுவே தனியாகப் பார்க்க வேண்டிய காட்சி. 2000-ம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட ஓரசுண்ட் பாலம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம். மேல் தட்டில் மோட்டார்கள், கீழ்த் தட்டில் ரயில்கள். பாலம் கடல் நடுவே ஒரு செயற்கைத் தீவில் போய் முடிகிறது. அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம். ஸ்வீடனில் ரயில் மின்சாரம் 15,000 வோல்ட். டென்மார்க்கில் நம் நாட்டைப் போலவே 25,000 வோல்ட், 50 சுழற்சி. ஆகவே இரண்டு மின்சாரத்துக்கும் ஏற்ற வண்டிகளே அங்கே ஓடுகின்றன. எங்களுடைய ரயில்வே பாஸ் அங்கே செல்லாது என்பது ஒன்றுதான் குறை! இரு நாட்டு எல்லையாதலால் ஒவ்வொரு நாளும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நகரத்தில் பார்க்க வேண்டியவற்றின் ஜாபிதாவை எழுதினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும். எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பது மூன்று நாளில் எதையும் பார்க்காததற்குச் சமம். ஆகவே ஒரே ஓர் அரசரைப் பின்பற்றி நடப்பதென்று வைத்துக்கொண்டேன். அவர் நான்காம் கிறிஸ்டியன். 1588 முதல் 1648 வரை, ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆண்டவர். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பியவர் இவரே. இரகுநாத நாயக்கர் இவருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதுவித்த ஓலை இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆவணக் காப்பகம் காட்சிச்சாலையன்று. ஆகவே அதைப் பார்ப்போம் என்று அம்மாவிடம் நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அவ்வரசர் கட்டியவற்றைப் பார்க்கத் தடையில்லை.

முதல் நாள், வட்டக் கோபுரம். 1642-ல் முடிந்த இதன்மேல் வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறது. இதில் படிக்கட்டுகளுக்குப் பதில் 209 மீட்டர் நீளமுள்ள சரிவுப் பாதை, கோபுரத்துக்குள்ளேயே ஏழரைச் சுற்றாக வளைந்து ஏறுகிறது. ருஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் 1716-ல் இதில் குதிரைமேல் ஏறிப் போனாராம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட உகந்த கோபுரம் ஏது? உச்சியில் மட்டும் ஒடுக்கமான சில படிகள். முடியாவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளலாம். அருகிலேயே அவ்வரசரின் ரோசன்போர்க் மாளிகை. அதன் நிலவறையில் மணிமுடிகள். சூழ்ந்துள்ள அரச பூங்காவில் கட்டணமின்றி உட்காரலாம். காட்சிச்சாலைகளில் பல திங்களன்று மூடியிருக்குமாதலால் செவ்வாய், புதன், வியாழன் என்று நாட்களைக் குறித்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் நீர்வழி. துறைமுகத்தில் ஓடும் படகு-பஸ்களில் சாதாரண நகரப் பயணச்சீட்டே செல்லுபடியாகும். சுற்றுலாப் படகுக்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கதாசிரியர் ஆண்டர்சன் வசித்த நியூஹவுன் கால்வாய் வீடுகளை இவ்வழியில் கண்டுகொள்ளலாம். கடற்கன்னிச் சிலை 1913-ல் வைத்தது. உயரம் ஒன்றேகால் மீட்டர். படத்தில் பார்த்துப் பெரிதாக எண்ணிப் போனவர்கள் ஏமாந்து திரும்புவது வழக்கம். மனம் இருந்தால் பார்ப்போம். நான்காம் கிறிஸ்டியன் கட்டிய வணிகமாளிகையில் நான்கு நாகங்களின் வால்கள் முறுக்கிய கூம்பு ஒன்று இருந்தது. 2024 ஏப்ரல் 16-ந் தேதி தீப்பிடித்து அக்கூம்பு சாய்ந்தது. மறுபடி எழுப்பி வருகிறார்கள். தரங்கம்பாடி வாணிபம் நடந்த அதே காலத்துக் கட்டடமாதலால் அதை மாத்திரம் தவறவிட மாட்டேன்.

இனி உணவு. வீட்டில் அதிகம் விவாதமானது இதுவே. டென்மார்க்கில் ஏறத்தாழ எல்லாப் பண்டத்தின் மேலும் நூற்றுக்கு 25 வரி விலையோடு சேர்ந்திருக்கிறது. ஆதலால் இரவில் ஓட்டல் வேண்டாம். இரவுச் சாப்பாடு தம்பி வீட்டில் ரசமும் சோறும். நடுப்பகலில் மட்டும் ஊர் உணவு. அவ்வூர்ப் பெருமையான ஸ்மோர்ரெபிரோவும் பகலுணவே. கருப்பான கம்புரை ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே பண்டங்களை அடுக்கி, கத்தியும் முள்ளுமாக உண்பது. கம்புரை என்பது கம்பு அன்று. கோதுமைக்கு உறவான ரை தானியத்துக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர். எனக்கும் மனைவிக்கும் ஊறவைத்த ஹெர்ரிங் மீன். அதைத்தான் முதலில் உண்ண வேண்டுமென்பது அவர்கள் சம்பிரதாயம். அம்மாவுக்கு உருளைக்கிழங்கு ஸ்மோர்ரெபிரோ: வேகவைத்த வில்லைகளின்மேல் வெங்காயத்தாள் போன்ற கீரையும் பொரித்த வெங்காயமும். ஆனால் அதன்மேல் ஊற்றும் மேயோனைஸ் முட்டை கலந்தது. "அது வேண்டாம், வெண்ணெய் போதும்" என்பதை டேனிஷ் மொழியில் எழுதிவைக்கத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். பன்றி இறைச்சியும் அங்கே சர்வ சாதாரணம். கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

வேனிற்காலத்தில் கோல்ஸ்கோல் என்றொரு பண்டம் உண்டு. மோரில் சர்க்கரை, எலுமிச்சை, வனில்லா சேர்த்துக் குளிர வைத்து, மொறுமொறுப்பான சிறு பிஸ்கோத்துகளை மிதக்கவிட்டுத் தருவார்கள். மோரில் சர்க்கரையா என்று அம்மா முகம் சுளித்தார். பல சமயம் இதிலும் முட்டை மஞ்சட்கரு சேர்வதுண்டு என்று அறிந்ததும் அந்த விவாதம் முடிந்தது. உலகம் முழுவதும் டேனிஷ் என்று விற்கும் அடுக்கு இனிப்பு ரொட்டிக்கு அங்கே வியன்னா ரொட்டி என்று பெயர். 1850-ம் ஆண்டு ரொட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது வந்த ஆஸ்திரியர்கள் கற்றுக்கொடுத்ததாம். தாகத்துக்குக் குழாய்த் தண்ணீரே நல்லது. பாட்டில் வாங்குவது வீண்.

மூன்றாம் நாள் காலையை ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அம்மா களைத்திருந்தால் அன்று மால்மோவிலேயே ஓய்வு. மாலையில் நடு நிலையத்தின் எதிரே, 1843-ல் திறந்த டிவோலி பூங்கா.

விசா பற்றி ஒரு வார்த்தை. இரு தேசங்களுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஆனால் அதிக நாள் தங்கும் நாட்டிடமே மனுச் செய்ய வேண்டும். ஆகவே எங்கள் மனு ஸ்வீடனுக்கு. பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, பதினைந்து நாள் முன்பு வரை கொடுக்கலாம். கடைசிவரை காத்திருப்பது புத்திசாலித்தனமன்று. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

மூட்டை கட்டும்போது ஒன்று கவனிக்க. பாலும் இறைச்சியும் சேர்ந்த பண்டங்களை நம் நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பால்கோவா விமான நிலையத்தில் போய்விடும். தம்பிக்காக அம்மா உருக்கி வைத்திருக்கும் நெய்யை எடுத்துப்போக வழியில்லை என்று சொல்லிவிட்டேன். பருப்புப் பொடி இரண்டு கிலோ வறுத்தாகிறது.