துப்பாக்கி ஓய்ந்தால் சமாதானமா?

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அப்படியாயின் சமாதானம் வந்துவிட்டதா? வன்னியில் குடியிருக்கும் ஒரு மலையக விவசாயியிடம் இதைக் கேட்டால், "காணிக்கு இன்னும் பத்திரம் இல்லையே, பாதர்" என்ற பதிலே வரக்கூடும். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்போல் தோன்றினாலும், படித்த அறிஞர்கள் கண்ட முடிவும் இதுதான்.

உலகின் பல்கலைக்கழகங்களில் சமாதான ஆய்வு என்றொரு துறை உண்டு. அதன் முன்னோடிகளுள் ஒருவர் நோர்வே நாட்டவரான யொஹான் கல்துங். 1959இல் ஒஸ்லோவில் சமாதான ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 2024இல் அவர் காலமானார். சண்டை இல்லாதிருப்பது சமாதானத்தின் ஒரு பாதி மட்டுமே. நீதி நிலவுவதே மறுபாதி என்று அவர் விளக்கினார். யாரும் கத்தி எடுக்காமலே, சட்டமும் வழமையும் மனிதரை நசுக்கக்கூடும். இதற்கு 1969இல் அவர் அமைப்புசார் வன்முறை எனப் பெயரிட்டார்.

இதை விளங்கிக்கொள்ள நோர்வேக்குப் போகவேண்டியதில்லை; தெல்தோட்டையில் நின்று பார்த்தாலே போதும். இப்பகுதி மலைகளிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் லயத்து அறைக்குக்கூட உரித்தாளர் ஆகவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப்பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. ஒரு வேட்டும் தீர்க்கப்படாமலே இவ்வளவும் நடந்தது.

வன்செயல் பின்னரே வந்தது. 1977இல் தாக்கப்பட்ட தோட்டக் குடும்பங்கள் பல, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றன. காந்தீயம் அமைப்பு பலரைக் குடியேற்றியது. காட்டை வெட்டித் திருத்தினார்கள்; கிணறு தோண்டினார்கள். ஆனால் 1984இல் டொலர் பண்ணை, கென்ற் பண்ணைகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வன்னியில் எஞ்சியோரை இறுதி யுத்தம் மீண்டும் பெயர்த்தது. முதலில் பிரஜாவுரிமை போயிற்று, பிறகு வீடு, பிறகு காணி. அநீதி முன்னே நடந்தது. துப்பாக்கி அதன் பின்னே வந்தது.

திருச்சபையும் இதை உணர்ந்திருந்தது. மக்களின் முன்னேற்றமின்றிச் சமாதானம் நிலைக்காது என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1967இல் தமது சுற்றுமடலில் வலியுறுத்தினார். இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை ஆரம்பித்தார். அங்கே சமூக ஆராய்ச்சி ஏட்டோடு நிற்கவில்லை. சிங்களவரும் தமிழரும் ஒன்றாகச் சந்தித்து, தோட்ட மக்களின் வாழ்வை ஒன்றாக ஆராய்ந்தார்கள்.

அன்பர்களே, உங்களிடமும் படிவங்களோடு ஆய்வாளர்கள் வரக்கூடும். அவர்களை வரவேற்பது நல்லது. ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆய்வு யாருக்காக? எங்கள் பெயர்கள் யார் கையில் இருக்கும்? முடிவை எங்கள் மொழியில் எப்போது கொண்டுவந்து காட்டுவீர்கள்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. இடம்பெயர்ந்தோர் பற்றி 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள், மீள்குடியேற்றத்தைத் திட்டமிடுவதில் உங்களுக்கு முழுப் பங்கு வேண்டும் என்கின்றன. இழந்த சொத்தை மீட்கவோ நட்டஈடு பெறவோ அதிகாரிகள் உதவவேண்டும் என்றும் கூறுகின்றன.

நீங்களும் ஆய்வு செய்யலாம். சங்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். எந்தக் குடும்பம், எந்த ஆண்டு முதல், எந்தக் காணியில், எல்லைகள் எவை, தொலைந்த பத்திரம் எது, சாட்சி யார் என்று எழுதுங்கள். முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பிரதேச செயலகத்துக்கு அதன் பிரதியோடு குழுவாகச் செல்லுங்கள். பத்திரம் கையில் கிடைக்கும்வரை உங்கள் சமாதானம் பாதிதான். மறுபாதிக்கு அந்தக் கொப்பி உதவும்.