உஷார்! வயதான பெர்சியன் பூனையின் வாலைத் தூக்கிப் பாருங்கள்

உங்கள் வீட்டு பெர்சியன் பூனைக்கு 10 வயது தாண்டிவிட்டதா? இதைப் படித்து முடித்த கையோடு அதன் வாலைத் தூக்கிப் பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பின்தொடை ரோமத்தில் மலம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? "வயசாயிடுச்சு, சோம்பேறியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். பெரிய தவறு! பூனை சுத்தத்துக்குப் பேர்போன பிராணி. அது தன்னை நக்கிக்கொள்ளவில்லை என்றால், நக்க முடியவில்லை என்று பொருள். 12 வயதைத் தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிகிறது. முதுகை வளைத்தாலே வலி. கத்திச் சொல்லாது, உள்ளுக்குள் பொறுத்துக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலில் இப்படி மலம் ஒட்டிக்கிடப்பது உயிருக்கே ஆபத்து. ஈரமும் அசிங்கமுமான ரோமத்தில் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில் புழு வெளிவந்து தோலைத் தின்னத் தொடங்கிவிடும். அடர்ந்த ரோமம் அதை மூடி மறைத்துவிடும். நாற்றம் மூக்கில் ஏறும்போது புண் ஆழமாகியிருக்கும்.

வயிற்றையும் கவனியுங்கள். வயதான பூனைக்குச் சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் நீர் வற்றும். மலம் கல்லாக இறுகும். அடிக்கடி இப்படி ஆனால் பெருங்குடல் விரிந்து, தள்ளும் சக்தியையே இழந்துவிடும். பேதி நிற்காமல் போனால் தைராய்டு, குடல் அழற்சி, புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் ஓடுங்கள்:

● இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லை.

● ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும்.

● முக்குகிறது, வாந்தி எடுக்கிறது, எடை குறைகிறது.

● ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது. மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்!

கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமாவும் விஷம்தான். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். பெனாயில், டெட்டால் போட்டுத் துடைக்காதீர்கள். நக்கினால் உள்ளே போய்விடும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனைத்தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலே வந்து கிழிந்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. மாதம் ஒருமுறை ஆசனவாயைச் சுற்றியும் தொடையிலும் ட்ரிம்மரால் ரோமத்தைக் குறைத்துவிடும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் ஐந்து நிமிடம் சீவுங்கள். உதிர்ந்த ரோமம் வயிற்றுக்குள் போய் உருண்டையாவது குறையும். அழுக்குப் பட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போகத் துவட்டுங்கள். உலர் தீவனத்தோடு ஈரத் தீவனமும் கொடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். பால் வேண்டாம், பல பூனைகளுக்கு அது பேதியைக் கிளப்பும். மணல் தட்டின் ஓரம் தாழ்வாக இருக்கட்டும். வலிக்கும் காலால் உயரம் தாண்ட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இத்தனை வருஷம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்ட ஜீவன் அது. இப்போது அதன் நாக்கு எட்டாத இடத்துக்கு உங்கள் கைதான் எட்ட வேண்டும். எழுந்து போய்ப் பாருங்கள், இப்போதே!