வாயில் காத்த தொண்டர்

மேடையேறாத தொண்டு தொண்டாகாது என்று எண்ணும் நண்பர்கள், ஸ்பெயின் தேசத்து அல்போன்ஸ் ரோட்ரிகஸின் சரித்திரத்தைச் சற்று நோக்குவார்களாக. செகோவியா நகரத்துக் கம்பளி வியாபாரியாகிய இவர், மனைவியையும் மக்களையும் இழந்து, வியாபாரமும் நொடித்து, 1571-ல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டத்துக்குரிய கல்வி போதாதென்று சபையார் அவரைச் சகோதரராக மட்டும் ஏற்று, மயோர்க்காத் தீவிலுள்ள தங்கள் கலாசாலைக்கு அனுப்பினர். ஆங்கு அவருக்கு வாய்த்த உத்தியோகம் வாயில் காப்பது. மணி அடித்தவுடன் எழுந்து கதவு திறப்பதும், வந்தவர் செய்தியை உள்ளே அறிவிப்பதும், ஏழைகளுக்கு ஈவதுமாகப் பல்லாண்டுகள் கழிந்தன. மணியோசை கேட்குந்தோறும், வெளியே நிற்பவர் கர்த்தரே என்றெண்ணி விரைவாராம். கட்சிக்காரன் இரண்டாமுறை கதவைத் தட்டினாலே பொறுமையிழக்கும் எம்போன்ற வக்கீல்களுக்கு இதன் அருமை எங்ஙனம் விளங்கும்!

அங்கே பயில வந்த பீட்டர் கிளேவர் என்னும் இளைஞர், பண்டிதர்கள் பலரிருக்க, இக்காவலரையே யோசனை கேட்டார். அமெரிக்கா சென்று ஊழியம் புரியுமாறு இவர் தூண்டினார். 1610-ல் கப்பலேறிய கிளேவர், கார்தஹேனாத் துறைமுகத்தில் அடிமைக் கப்பல்களின் துர்நாற்றம் வீசும் அடித்தளத்தில் இறங்கி, ஆப்பிரிக்க அடிமைகளுக்கு உணவும் மருந்தும் அளித்து, முப்பது ஆண்டுகளுக்குமேல் உழைத்தார். அடிமை வியாபாரம் அவரால் நிற்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

காவலரோ தீவை விட்டு நகராமலே 1617-ல் காலமானார். 1888-ல் போப் பதின்மூன்றாம் லியோ, குரு, சீடர் இருவரையும் ஒரே நாளில் புனிதரென அறிவித்தார்.