முதலில் கதவைப் பாருங்கள்

வீவக வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்க நினைத்ததும் பலரும் ஓடுவது தரைக்கல் கடைக்குத்தான். நாங்களும் அப்படித்தான். என் மாமியார் உள்ளே வழுக்கி விழுந்த அன்றுதான் கதவைக் கவனித்தோம். உள்பக்கம் திறக்கும் கதவு; அவர் அதன்மேலேயே சாய்ந்து கிடந்தார். தள்ளவும் முடியவில்லை. கடைசியில் கீலைக் கழற்றித்தான் தூக்கினோம். இப்போது மடக்குக் கதவு. பாதுகாப்போடு, கதவு திறக்க ஒதுக்கிய இடமும் மிச்சம்.

கழிவறைக் கோப்பையை நகர்த்தும் ஆசை வேண்டாம். குழாய்க்குச் சரிவு கொடுக்கத் தரையை உயர்த்த நேரும். வாசலில் ஒரு படி முளைக்கும். முதியவர் காலில் இடறுவது அதுதான். கைகழுவும் தொட்டியைச் சிறிதாக்கினாலே போதும்.

புதிய பிடிஓ வீடு என்றால், முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரைக்கல்லையும் சுவர்க்கல்லையும் பெயர்க்க வீவக அனுமதிப்பதில்லை. பழைய வீட்டில் பெயர்த்தால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் புதிதாகப் போட வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும்.

வீட்டில் 65 வயதைத் தாண்டிய குடும்பத்தினர் இருக்கிறார்களா? கைப்பிடிகளுக்கும் வழுக்காத தரைப் பூச்சுக்கும் 'ஈஸ்' திட்டத்தில் அரசாங்க மானியம் உண்டு. குத்தகையாளரிடம் விலை கேட்குமுன் வீவகவிடம் விண்ணப்பியுங்கள்.