வண்டிக்கும் தரைக்கும் நடுவே

கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் கருவி, நடுவே பிரித்து வைத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். ஒரு காயிலில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் பக்கத்துக் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்ட விதியே இதற்கும் விதி. மின்கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பு உள்ளகம் இருப்பதால் காந்தப்புலம் ஏறக்குறைய முழுதும் மறு காயிலைச் சேர்கிறது. இடையில் அரைச் சாண் காற்று வந்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு சேர்வதே பெரிது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இத்தனை சுற்று வடிவமைப்பும்.

திருவனந்தபுரம் சி-டாக் ஆய்வு மையமும் நாக்பூர் வி.என்.ஐ.டி. பொறியியல் கல்வி நிறுவனமும் மின்வண்டிகளுக்காக உருவாக்கிய 1.5 கிலோவாட் சார்ஜர் இதற்கு நல்ல உதாரணம். வீட்டு 230 வோல்ட் சப்ளையில் ஓடி, 48 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்றுகிறது. காயில்கள் 12.5 செ.மீ. வரை விலகியிருக்கலாம், திறன் 89.4 விழுக்காடு வரை. அந்த அளவிலும் முழுச் சுமையில் ஏறத்தாழ 180 வாட் வெப்பமாக வீணாகிறது.

தூண்டப்படும் மின்னழுத்தம் அதிர்வெண்ணுக்கு ஏற்பக் கூடும். அதனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கி, பிறகு சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்டுகள் என்னும் அதிவேக மின்னணு சுவிட்சுகளால் நொடிக்கு எண்பதாயிரம் முறைக்கு மேல் திசைமாற்றி அனுப்புகிறார்கள். இங்கே கம்பியும் மாறவேண்டும். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் புழங்கும் ஒற்றைச் செம்புக் கம்பி 50 ஹெர்ட்ஸுக்குப் போதும். 85 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் பெரும்பாலும் செம்பின் மேற்பரப்பில் கால் மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஒதுங்கிவிடுகிறது. எனவே தனித்தனியே இனாமல் பூசிய மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் முறுக்கிய லிட்ஸ் கம்பியே ஏற்றது.

அடுத்தது ஒத்ததிர்வு. 100 மைக்ரோஹென்றி காயிலோடு 35 நானோஃபாரட் கெபாசிட்டரைத் தொடராக இணைத்தால் 85 கிலோஹெர்ட்ஸில் இரண்டின் தடையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மின்னோட்டம் தாராளமாகப் பாயும். ஆனால் 20 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சின்னக் கெபாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சப்ளை 230 வோல்ட்தானே என்று கெபாசிட்டர் வாங்கினால் அது வெடித்துவிடும். இந்தத் துறையில் அதிகக் கவனம் கேட்கும் இடம் இதுவே.

இருபுறமும் தொடர் கெபாசிட்டர் வைக்கும் எளிய அமைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே வண்டி இல்லாதபோது தரைக் காயிலைக் கட்டுப்படுத்த எதுவுமில்லை. மின்னோட்டம் எகிறி மாஸ்ஃபெட்டுகளைக் கருக்கிவிடும். கூடுதலாக ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்த்த எல்.சி.சி. அமைப்பு, வண்டி நின்றாலும் நகர்ந்தாலும் தரைக் காயிலின் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது. செலவு கூடினாலும் அதுவே பாதுகாப்பானது.

நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இந்தக் கருவியைப் பதித்தால் முதல் சோதனை தரையில் கிடக்கும் இரும்புதான். போல்ட், நட், வாஷர் எது தரைக் காயில்மேல் விழுந்தாலும் இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதுபோல் அது கொதிக்கும். காயிலின் மின்பண்புகள் சற்று மாறுவதைக் கொண்டே அந்நியப் பொருளை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் தனிச் சுற்று இங்கே கட்டாயம். லாரியின் அடிப்பகுதி காரைவிட உயரம். இடைவெளி கூடினால் காயிலின் விட்டமும் கூடவேண்டும். இல்லையேல் லாரி நின்றபின் ஏற்புக் காயிலைத் தரைப்பக்கம் இறக்கும் இயந்திர அமைப்பு வேண்டும்.