திறக்கக் கை எங்கே?

இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல் வைத்து நடப்பவர் கடையிலிருந்து ஒரு லிட்டர் பாலை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவார்? பலரும் மஞ்சப்பையை ஊன்றுகோலின் கைப்பிடியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நாலு அடி வைப்பதற்குள் பை ஊசலாடத் தொடங்கும். கோலை முன்னால் ஊன்றும்போது முழங்காலில் வந்து இடிக்கும். சில சமயம் கோலுக்கும் காலுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். விழாமலிருக்கப் பிடித்த கோலே விழுவதற்குக் காரணமாகிவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் கை, கால் இயக்கத்தில் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 54 லட்சம். மூட்டுவலியால் வாக்கர் பிடித்து நடக்கும் பாட்டியும், பக்கவாதம் வந்தபின் ஒரு கையால் சமாளிக்கும் தாத்தாவும் தங்களை இந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்வார்களா என்பது சந்தேகம்தான்.

சுமை உடம்பின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு நடை தடுமாறாது. சந்தைக்குப் போகும் பெரியவர்கள் வேட்டிக்கு மேல் கட்டிய அகலமான பச்சை பெல்ட் இந்தக் கணக்கில் தேறிவிடும். பணமும் மூக்குக்கண்ணாடியும் இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். கை இரண்டும் சும்மா இருக்கும். ஜோல்னா பை தேறாது. ஊன்றுகோல்காரரின் தோள் ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்குவதால் அது நழுவி முழங்கைக்கு வந்துவிடும். அவருக்குத் தோதானது, மார்புக்குக் குறுக்கே போட்டு இடுப்பிலும் ஒரு வாரால் கட்டிக்கொள்ளும் சிறிய பை. பக்கவாதத்தில் தோள் தளர்ந்தவர்கள் வாரை நல்ல தோளில் போட வேண்டும். செயலிழந்த பக்கத்தின் மூட்டு ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். பாரம் அதை இன்னும் கீழே இழுக்கும்.

சக்கர நாற்காலிக்குக் கதை வேறு. எல்லோரும் செய்வதுபோல முதுகுப்பையைப் பின்புறக் கைப்பிடிகளில் மாட்டினால் எடை பின்சக்கர அச்சுக்கும் பின்னால் போய்விடும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. சாய்தளத்தில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். அதைவிட மோசம், உட்கார்ந்திருப்பவர் கட்டிலுக்கு மாறும் நொடி: அவருடைய எடை விலகியதும் நாற்காலி பையோடு பின்பக்கம் சாய்ந்துவிடும். பின்னால் தொங்கும் பையிலிருந்து பர்ஸ் போனாலும் உடனே தெரியாது. இருக்கைக்கு அடியில் தொங்கவிட்டு, முன்விளிம்பில் கைக்கு எட்டும்படி வாய் வைத்த பைகள் இதற்கென்றே வந்திருக்கின்றன. வார் நீளமாகத் தொங்கிச் சக்கரக் கம்பிகளில் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு அது ஆபத்து. சூடான சாம்பார் வாளி தொடையைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. சாவிக்கொத்து அழுத்திய இடம் புண்ணான பிறகுதான் கண்ணில் படும்.

வாக்கருக்கு ஒரு வரி போதும்: முன்னால் மாட்டும் பையில் இலகுவான பொருள்கள் மட்டும், பாரம் கூடினால் வாக்கர் முன்பக்கம் குடைசாயும்.

இவ்வளவும் பையைச் சுமப்பது பற்றி. கடைகளில் விற்கும் பைகள் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகின்றன. தோளில் தொங்குகிறது, இடுப்பில் நிற்கிறது, சரி. பேருந்தில் பயண அட்டையை எடுக்க வேண்டுமே? சாதாரண ஜிப் இரண்டு கை கேட்கும். ஒரு கை ரன்னரை இழுக்க, இன்னொரு கை பையின் அடிப்பகுதியைப் பிடித்திருக்க வேண்டும். முடக்குவாதத்தில் விரல் வளைந்தவரால் அந்தச் சின்ன நாக்கைக் கிள்ளிப் பிடிக்கவே முடியாது. பக்கத்துப் பயணியிடம் பர்ஸைக் கொடுத்துத் திறக்கச் சொல்லும் நிலைமை யாருக்கும் பிடிக்காது.

ரன்னரில் ஒரு பெரிய வளையம் கோத்தால் ஒரு விரலை நுழைத்து இழுக்கலாம். பையின் மறுமுனை இடுப்பு பெல்ட்டில் தைத்திருந்தால் அதுவே இன்னொரு கையின் வேலையைச் செய்யும். வெல்க்ரோ ஒரு கையால் திறக்க ஏற்றது. ஆனால் சேலை முந்தானையைப் பிடித்து நூலை இழுத்துவிடும். காந்த மூடி எல்லாவற்றிலும் எளிது. அருகில் கொண்டுபோனாலே தானாக ஒட்டிக்கொள்ளும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் காந்தத்தை அதிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும். மார்புக்குக் குறுக்கே போடும் காந்தப் பை அவர்களுக்கு வேண்டாம்.

இதற்காக விலையுயர்ந்த வெளிநாட்டுப் பை தேட வேண்டியதில்லை. ஜிப் மாற்றித் தரும் தெருவோரத் தையல்காரரிடம் பழைய பையைக் கொடுத்து வளையமும் இடுப்பு வாரும் வைக்கச் சொன்னால் வேலை முடிந்தது. புதிதாக வாங்குவதானால், பயன்படுத்தப்போகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். பையில் வழக்கமாகச் சுமக்கும் அளவு பொருளைப் போட்டு, அவருடைய கோலோடு பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கையால் திறந்து சில்லறை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியவில்லை என்றால், எவ்வளவு அழகான பையானாலும் வாங்காதீர்கள்.