சொட்டு மருந்துக்கு 30 ஆண்டு, மானியத்துக்கு 18 மாதம்

இந்தியாவின் உயிரித் தொழில்நுட்பப் பொருளாதாரம் 2014-இல் சுமார் 1,000 கோடி டாலர். 2024-இல் 16,500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்கிறது மத்திய அரசு. (பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.) 2030-க்குள் 30,000 கோடி டாலர் என்பது இலக்கு. அதற்காகவே 2024 ஆகஸ்டில் ‘பயோ இ3’ கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஆராய்ச்சியில் அரசு போடும் பணம் எப்படித் திரும்பி வருகிறது? ரோட்டாவாக் என்ற தடுப்புச் சொட்டு மருந்தைப் பார்த்தால் புரியும். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கால் ஒருகாலத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இறந்தன. 1980-களின் நடுவில், டெல்லி எய்ம்ஸில் மருத்துவர் எம்.கே.பான் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள்: சில பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த வைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கு வரவில்லை. அந்த வைரஸ் வகையிலிருந்தே மருந்து பிறந்தது. உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் தந்தது. கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்ட வெளிநாட்டு அமைப்புகளும் கைகொடுத்தன. தயாரித்தது ஐதராபாத்தின் பாரத் பயோடெக். டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் பரிசோதித்தார்கள். வேலூரில் அந்தப் பொறுப்பை ஏற்றது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.). 2015-இல் மருந்து அறிமுகமானது. ஒரு தவணை 1 டாலர். வெளிநாட்டு மருந்துகள் அப்போது தனியார் மருத்துவமனைகளில் பல மடங்கு விலைக்கு விற்றன.

2016-இல் அரசே இதைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்து வாங்கத் தொடங்கியது. 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி கிடைத்ததும் ஏற்றுமதிக்கும் வழி பிறந்தது.

லாபத்துக்காக 30 ஆண்டு காத்திருக்க எந்த முதலீட்டாளரும் முன்வர மாட்டார். ஆய்வகத்தில் ஜெயித்த பொருள் சந்தைக்கு வருவதற்குள் மனிதர்களிடம் சோதனை, உற்பத்திக்கூடம், அனுமதி என்று செலவு ஏறிக்கொண்டே போகும்; வரவு ஒரு காசு இராது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2012-இல், பான் உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலராக இருந்தபோது, ‘பைராக்’ என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. புதிய யோசனைகளுக்கு அது தரும் தொடக்க மானியம் 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்கு. மாதிரி ஒன்றைச் செய்துபார்க்க அது போதும். மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவரப் போதாது.

2020-21-இல் இந்தியா எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. அடுத்த பட்ஜெட்டில் கொள்கையின் பெயரை விட்டுவிட்டு, இந்த விகிதம் ஏறுகிறதா என்று பாருங்கள்.